வகுப்பறையில் வளர்ந்த ஆமைகள்

மீன்காட்சிச் சாலை என்றதும் நம் மாணவர்களின் நினைவில் முதலில் எழுவது கோலாலம்பூர் மாநாட்டு மையத்தின் அடித்தளத்தில் 2005ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ‘அக்குவாரியா’வே ஆகும். அங்குள்ள 90 மீட்டர் நீளச் சுரங்கப் பாதையில் நடந்தோர், தலைக்கு மேல் சுறாவும் திருக்கையும் நீந்திச் செல்லும் காட்சியை எளிதில் மறவார். முதியோருள் சிலர், குறிப்பாக ஜொகூர் மாநிலத்தில் வளர்ந்தோர், 1955ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் திறக்கப்பெற்று இப்போது இல்லாது போன வான் கிளீஃப் மீன்காட்சிச் சாலையைச் சிறு வயதில் கண்டிருக்கக்கூடும். கல்விச் சுற்றுலா முடிந்தபின் ‘நான் கண்ட காட்சி’ என்னும் தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகளை நாம் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். அவற்றில் சுறாவின் பற்கள் தவறாமல் இடம்பெறும். கடல் இடம்பெறுவது அரிது.

இதனை மாணவரின் குறை என்று கூறுதல் பொருந்தாது. கண்ணாடிக்கு இப்பால் நிற்பவர்க்கு அப்பால் உள்ளது வெறும் காட்சிப் பொருள். கண்டு களித்து, நினைவுப் பொருள் கடையில் சாவிக்கொத்து ஒன்றை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகிறோம். காட்சிச் சாலைகளை நடத்துவோரும் இதனை உணராதவர் அல்லர். கண்டு செல்வோரை, அவருள்ளும் இளம் வயதினரை, கடலுக்குப் பணி செய்வோராக ஆக்குவது எவ்வாறு என்பதைப் பல நாடுகளிலும் முயன்று பார்த்து வருகின்றனர். அம்முயற்சிகளுள் தொடக்கப் பள்ளி மாணவரும் பங்குகொண்ட ஒன்றை இங்குச் சற்று விரிவாக எடுத்துரைக்க விழைகிறோம்.

அதற்கு முன் ஒரு சிறு வரலாறு. உலகின் முதல் பொது மீன்காட்சிச் சாலை 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் திறக்கப்பெற்றது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி கோஸ் என்னும் இயற்கை நூலறிஞர் ‘அக்குவேரியம்’ என்னும் பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். நீர்த்தாவரம் வெளியிடும் உயிர்வளியை மீன் ஏற்க, மீன் வெளியிடும் கரிவளியைத் தாவரம் ஏற்க, கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சிறு கடலையே வாழவைக்கலாம் என்பதை அக்காலத்து மக்கள் அறிந்து வியந்தனர். விளைவு யாதாயிற்று? வாளியும் வலையும் ஏந்திய கூட்டம் கடற்கரைக்கு விரைந்தது. பாறைக் குழிகளில் காலங்காலமாக வாழ்ந்துவந்த கடற்சாமந்திகளும் நண்டுகளும் அள்ளிச் செல்லப்பட்டன. தம் தந்தையின் நூல்களால் தூண்டப்பெற்றோரே அக்கரைகளை வறிதாக்கினர் என்று அவருடைய மைந்தர் எட்மண்ட் கோஸ் 1907இல் வெளியிட்ட நூலில் வருந்தி எழுதியுள்ளார். கடல்மீது கொண்ட ஆசையே கடலுக்குத் தீங்காக முடிந்தது!

இனி, நாம் கூறவந்த செய்திக்கு வருவோம். அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பால்டிமோர் துறைமுகத்தின் கரையில் 1981ஆம் ஆண்டில் தேசிய மீன்காட்சிச் சாலை திறக்கப்பெற்றது. அத்துறைமுகம் செசபீக் விரிகுடாவைச் சார்ந்தது. ஆறுகளின் நன்னீரும் அட்லாண்டிக் பெருங்கடலின் உப்புநீரும் கலக்கும் பெரிய கழிமுகம் அது. நன்னீரும் அன்றிக் கடல்நீரும் அன்றி இடைப்பட்டிருக்கும் அவ்வுவர்நீரில் வாழும் ஆமை ஒன்று உண்டு. முதுகோட்டின் ஒவ்வொரு தட்டிலும் வைரக்கல் வடிவில் வளையங்கள் அமைந்திருப்பதால் அதனை வைரமுதுகு ஆமை என்பர். வடக்கே மாசசூசெட்ஸ் முதல் தெற்கே டெக்சஸ் வரை, சேறும் புல்லும் நிறைந்த கரையோரச் சதுப்பு நிலங்களே அதற்கு வீடு. பெண் ஆமை ஆணினும் மிகப் பெரியது. நத்தை, சிறு நண்டு, சிப்பி ஆகியவை இதன் உணவு. சதுப்பு நிலத்தின் புல்லை மேயும் நத்தைகளை இது தின்பதால் புல் காக்கப்படுகிறது; புல் நின்றால் கரை நிற்கும்.

இத்தகைய ஆமை அருகிப் போனது எவ்வாறு என்பது தனிக் கதை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செல்வர் வீட்டு விருந்துகளில் ஆமைச் சூப் பெருமைக்குரிய உணவாகக் கருதப்பட்டது. பிடித்தார்கள், தின்றார்கள், எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறியது. விலை ஏற ஏற மேலும் தேடிப் பிடித்தார்கள். அச்சூப்பில் மதுவைச் சேர்ப்பது வழக்கம். 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் சூப்பின் மவுசு குறைந்தது. ஆமைகள் சற்றே மூச்சுவிட்டன. (மதுவிலக்கால் மனிதர் பெற்ற நன்மை யாது என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் வேறுபடுவர், ஆமைகள் பெற்ற நன்மையில் ஐயமில்லை.) பின்னர் வேறு இடர்கள் வந்தன. நண்டு பிடிக்க நீரில் இறக்கும் கம்பிக்கூண்டுகளில் இரையை நாடி நுழையும் ஆமை வெளியேற இயலாமல் மூச்சடைத்து இறக்கும். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரி என்பதை மாணவர் அறிவர். மணற்கரைகளில் வீடுகளும் கற்சுவர்களும் எழவே, முட்டையிட இடமும் குறைந்தது. 1994இல் மேரிலாந்து இவ்வாமையைத் தன் மாநிலத்தின் ஊர்வனச் சின்னமாக அறிவித்தது. எனினும் வணிகத்திற்காக அதனைப் பிடிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது 2007இல்தான்! சின்னமாக்குவதற்கும் காப்பதற்கும் இடையே 13 ஆண்டுகள் கழிந்தன.

செசபீக் விரிகுடாவில் பாப்லர் தீவு என்று ஒரு தீவு உள்ளது. 1847இல் அது ஏறத்தாழ 1,100 ஏக்கர் பரப்புடையதாய் இருந்தது. அலை அரித்து அரித்து 1990களில் ஏறத்தாழ 5 ஏக்கர் அளவில் சில திட்டுகளே எஞ்சின. ஏக்கர்க் கணக்கைத் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய தோட்டம் ஒரு திடல் அளவாகச் சுருங்கியதாக எண்ணிக்கொள்க. கப்பல்கள் பால்டிமோர் துறைமுகத்திற்குச் செல்லும் வழியை ஆழப்படுத்த ஆண்டுதோறும் சேறு தோண்டப்படுகிறது. 1998 முதல் அச்சேற்றையே கொண்டுவந்து கொட்டி, கல்லணை கட்டி, புல் நட்டுத் தீவை மீண்டும் எழுப்பினர். எவரும் அழையாமலே வைரமுதுகு ஆமைகள் அங்கு வந்து மணலில் முட்டையிடத் தொடங்கின. முட்டையைத் தோண்டித் தின்னும் நரி முதலிய விலங்குகள் அத்தீவில் இல்லாமையால் குட்டிகள் ஏராளமாகப் பொரித்தன. ஆய்வாளர் அவற்றை எண்ணினர், அளந்தனர், அடையாளமிட்டனர்.

இங்கேதான் மாணவர்கள் வருகின்றனர். கோடையின் இறுதியில் பொரித்த குட்டிகளுள் சில, உரிய அரசு அனுமதியுடன், மேரிலாந்துப் பள்ளிகளின் வகுப்பறைகளுக்கு வழங்கப்படுகின்றன. பால்டிமோர் மீன்காட்சிச் சாலை இப்பணியை நடத்தும் நிறுவனங்களுள் ஒன்று. குட்டி ஏறத்தாழ ஓர் அங்குல நீளமே இருக்கும். நம் 50 சென் நாணயத்தினும் சற்றே பெரியது. இயற்கையில் அக்குட்டி குளிர்காலம் முழுவதும் உண்ணாமல், சேற்றிலோ மணலிலோ புதைந்து உறங்கும். வகுப்பறையிலோ நீர் வெதுவெதுப்பாக வைக்கப்படுவதால் அது உறங்குவதில்லை, உண்கிறது, வளர்கிறது. பள்ளியாண்டு முடியும் தறுவாயில் இரண்டு மூன்று ஆண்டுகள் இயற்கையில் வளர்ந்த ஆமையின் பருமனை எட்டிவிடுகிறது. நாரைக்கும் நண்டுக்கும் இரையாகக்கூடிய அளவைக் கடந்துவிடுகிறது என்பதே இதன் பயன்.

மாணவர் செய்யும் பணியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நீர் மாசுபடாமல் மாற்ற வேண்டும். அதன் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். ஆமை ஏறி வெயில் காய்வதுபோல் இருக்க மேடையும் விளக்கும் அமைக்க வேண்டும். குட்டியைத் தராசில் நிறுத்து, முதுகோட்டின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து ஏட்டில் எழுத வேண்டும். ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும் ஆதலால் ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். விடுமுறை நாள்களிலும் ஆமைக்குப் பசிக்கும் அன்றோ? அதற்கும் முறை வைத்துக்கொள்ள வேண்டும். கணிதப் பாடத்தில் சராசரி என்றும் வரைபடம் என்றும் நாம் கரும்பலகையில் எழுதிக் கற்பிப்பவை அங்கே உயிருள்ள கணக்காகின்றன. சென்ற மாதத்தினும் இம்மாதம் எடை குறைந்தால் அது விடைத்தாளில் விழும் சிவப்புக் கோடு அன்று. குட்டிக்கு ஏதோ நோய் என்று பொருள். நாற்பது மாணவர் தலைகுனிந்து கணக்குப் போடும் வகுப்பில் நாம் பல்லாண்டு நின்றிருக்கிறோம். எண்ணைக் கண்டு கவலையுறும் மாணவரை அங்குக் கண்டதுண்டு; எண்ணிற்குப் பின்னால் உள்ள உயிரைக் கண்டு கவலையுறும் வாய்ப்பை நாம் அவர்களுக்கு அளித்ததில்லை.

நம் தோட்டத்துச் சிறுவரும் உயிர் வளர்க்காதவர் அல்லர். வாய்க்காலில் சண்டை மீனைப் பிடித்துப் போத்தலில் அடைத்து, அடுத்த வீட்டுப் போத்தலோடு ஒட்டிவைத்து அதன் துடுப்பு விரிவதைக் கண்டு மகிழ்பவர்களே. அந்த ஆர்வத்தை நாம் குறை கூறமாட்டோம். ஆனால், அம்மீன் போத்தலிலேயே தொடங்கிப் போத்தலிலேயே முடிகிறது. மேரிலாந்து மாணவர்க்கோ முதல் நாளிலிருந்தே ஒன்று தெரியும்: இக்குட்டி நம்முடையது அன்று, திரும்பப் போகவேண்டியது. இளவேனில் முடியும் காலத்தில், அரிசி மணி அளவுள்ள மின்னணுச் சில்லு ஆமையின் உடலில் பொருத்தப்படும். மாணவர் படகேறிப் பாப்லர் தீவிற்குச் சென்று, தாம் ஓராண்டு வளர்த்த ஆமையைச் சதுப்பு நீரின் ஓரத்தில் தம் கையாலேயே விடுகின்றனர். விட்டபின் அது திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னொரு காலத்தில் அவ்வாமை ஆய்வாளர் கையில் மீண்டும் சிக்குமாயின், அதன் சில்லில் உள்ள எண்ணைக் கொண்டு இன்ன ஆமை என்று அறியலாம்.

இதனைப் படிக்கும் மாணவர் சிலர் இரவுச் சந்தையில் விற்கும் சிறு பச்சை ஆமையை வாங்கி வளர்த்து ஆற்றில் விடலாமே என்று எண்ணக்கூடும். அவ்வாறு செய்தல் ஆகாது. கண்ணருகே சிவப்புக் கோடுடைய அவ்வாமை அமெரிக்க நாட்டிலிருந்து வந்தது; நம் குளங்களிலும் ஆறுகளிலும் பெருகி, நம் நாட்டு ஆமைகளோடு இரைக்கும் இடத்திற்கும் போட்டியிடுகிறது. எந்த நீரிலிருந்து வந்ததோ அந்த நீரிலேயே விடுவதுதான் விடுதலை.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் இச்செய்தியைக் கூறியபோது, உயிரினங்களைத் தொட்டியில் அடைப்பதே தகாத செயல் அன்றோ என்று ஒரு தாயார் வினவினார். நல்ல வினா. காட்சிக்காக மட்டும் அடைப்பது தகாது என்பதே நம் கருத்தும். ஆனால், தொட்டியில் உயிர்களை வளர்த்துப் பெற்ற அறிவு வேறெங்கும் கிடைக்காத உதவியாக மாறும் நேரமும் உண்டு. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளில் ஒருவகைச் சுறா ஏறக்குறைய அழிந்துவிட்டது. குட்டியாக இருக்கையில் வரிக்குதிரை போன்ற கோடுகளும், வளர்ந்தபின் சிறுத்தை போன்ற புள்ளிகளும் உடையது அது. மீன்காட்சிச் சாலைகளில் வாழும் அவ்வினச் சுறாக்கள் இட்ட முட்டைகளை விமானத்தில் அனுப்பி, அத்தீவுகளிலேயே பொரிக்கவைத்து, 2023ஆம் ஆண்டில் முதற்குட்டிகளைக் கடலில் விட்டனர். குட்டிகளை வளர்க்கும் செவிலித்தாய் வேலையைச் செய்வோர் அவ்வூரார். தொட்டியில் சுறா முட்டையிடும் முறையைக் காட்சிச் சாலைகள் அறிந்திராவிடில் இம்முயற்சிக்கு இடமேது?

எனினும், குட்டி வளர்த்து விடுவதே போதும் என்று கூறினால் நாம் உண்மையை மறைத்தவராவோம். அமெரிக்காவில் 1978 முதல் 1992 வரை கெம்ப் கடலாமை என்னும் அரிய இனத்தின் குட்டிகளைத் தொட்டிகளில் வளர்த்துக் கடலில் விட்டனர். அதனால் இனம் பெருகியது என்று உறுதியாகக் காட்ட இயலாமையால் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. இறால் வலையில் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் கருவியை வலைகளில் பொருத்துவதிலும், முட்டையிடும் கரைகளைக் காப்பதிலும் கருத்துச் செலுத்தினர். வளர்ந்த பெண் ஆமை ஒன்று வலையில் இறந்தால், அதன் இடத்தை நிரப்பக் குட்டிகள் எத்தனையோ வேண்டும். ஆகவே மேரிலாந்துத் திட்டத்தின் பயனை ஆமைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அளத்தல் ஆகாது. நண்டுக்கூண்டில் ஆமை நுழையாமல் தடுக்கும் சிறு சட்டத்தைப் பொருத்துங்கள் என்று கூறினால், அது ஏன் என்று கேளாமலே அறிந்த தலைமுறை ஒன்று அங்கே வளர்கிறது.

நம் நாட்டில் அத்தகைய தலைமுறை காலத்தில் வளரவில்லை. திரங்கானு மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கடற்கரையைப் பெற்றோர் அறிவர். ஆமைகளுள் மிகப் பெரிய ஆமை அங்கே முட்டையிட வந்தது. முதுகில் நட்சத்திரப் பழத்தைப் போல் நீண்ட வரம்புகள் இருப்பதால் மலாய் மொழியில் அப்பழத்தின் பெயராலேயே பெலிம்பிங் ஆமை என்று வழங்குவர். 1950களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 முட்டைக்குழிகள் அக்கரையில் இருந்தன. இன்று அவ்வாமை அங்கு வருவது ஏறக்குறைய நின்றே போயிற்று. நெடுங்காலம் முட்டைகளில் பெரும்பகுதி தோண்டி விற்கப்பட்டது. கடலில் மீன்வலைகள் தாய் ஆமைகளைக் கொன்றன. காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு 1960களிலிருந்து முட்டைகளைப் பொரிப்பகங்களில் புதைத்துக் குட்டிகளைக் கடலில் விட்டு வந்ததும் உண்மையே. ஆனால், ஆமைக் குட்டி ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது; வெப்பம் மிகுந்தால் பெண். நிழலற்ற பொரிப்பகங்களில் பிறந்தவை ஏறக்குறைய அனைத்தும் பெண்ணாய்ப் போயின என்பதை ஆய்வாளர் பின்னரே கண்டறிந்தனர். எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனைக்கும் திரங்கானுவில் தடை வந்தது 2022இல். பெலிம்பிங் ஆமைக்கு அது எவ்வளவு காலங்கடந்த செய்தி!

திரங்கானுவிலேயே நம்பிக்கையளிக்கும் செய்தியும் உண்டு. கெமாமான் ஆற்றங்கரையில் பாசிர் காஜா என்னும் சிற்றூரில், துந்தோங் எனப்படும் ஆற்றாமையின் முட்டைகளைக் காத்துப் பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்து ஆற்றில் விடும் பணியை 2011இல் தொடங்கப்பெற்ற மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கம் ஊராருடன் இணைந்து செய்து வருகிறது. அங்கே கண்ணாடிச் சுரங்கமும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. முன்னர் முட்டை தோண்டி உண்ட ஊரே இப்போது முட்டைக்குக் காவல்.

நம் பள்ளியிலிருந்து கடலுக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். நம் மாணவருள் பாதிப்பேர் கடலைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டவர்கள். ஆயினும் பள்ளித் திடலின் ஓரமாக ஓடும் வாய்க்கால், செம்பனைக் காட்டைக் கடந்து ஆற்றில் விழுகிறது. ஆறு மலாக்கா நீரிணையில் விழுகிறது. வாய்க்காலுக்கு நாம் அனுப்புவது கடலுக்கு அனுப்பியதே ஆகும். 1986ஆம் ஆண்டில் டெக்சஸ் கடற்கரையில் தொண்டர்கள் கரையொதுங்கிய குப்பையை வெறுமனே அள்ளாமல், எத்தனை போத்தல், எத்தனை பை, எத்தனை வலைத்துண்டு என்று வகைப்படுத்தி எண்ணி அட்டையில் குறித்தனர். அம்முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நம் நாட்டிலும் கடற்கரைகளில் அவ்வாறு எண்ணுவோர் உளர்.

ஆமைக் குட்டியை வளர்க்க நமக்கு அனுமதியும் இல்லை, வசதியும் இல்லை. எண்ணுவதற்கு இரண்டும் வேண்டியதில்லை. ஆகவே வரும் பள்ளியாண்டு முதல் அறிவியல் கழக மாணவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் இடைவேளையில், ஆசிரியர் உடனிருக்க, வாய்க்காலின் பள்ளி மதகிலிருந்து கோயில் பாலம் வரையிலான பகுதியில் தங்கிய குப்பையை வகை பிரித்து எண்ணி ஏட்டில் பதிவர். கொக்கியும் கையுறையும் பள்ளி வழங்கும். களைக்கொல்லிப் புட்டிகளை எவரும் கையால் தொடுதல் கூடாது. கண்ட இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மழை நாளில் பணி இல்லை. அவ்வேடு தலைமையாசிரியர் அறையின் வாயிலில் தொங்கவிடப்படும். பெற்றோரும் தோட்ட நிருவாகத்தினரும் எப்பொழுது வேண்டினும் பார்வையிடலாம். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் பெற்றோரின் கையொப்பத்துடன் அறிவியல் ஆசிரியரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பதிவு பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில்.